முத்துநகர்ப் பெண்ணுக்கு ஒரு ஜோடி ஸ்கீ!

தூத்துக்குடியில் பனி பெய்ததாகச் சரித்திரம் கிடையாது. ஆனால், பனிமய மாதா இருக்கிறார். ரோம் நகரத்துக் குன்றொன்றில் ஆகஸ்ட் வெயிலில் பனி பெய்ததாகச் சொல்லப்படும் பழங்கதையிலிருந்து வந்த பெயர் அது. ஒவ்வொரு வருடமும் ஜூலை 26-ல் கொடியேறி, ஆகஸ்ட் 5-ல் திருவிழா முடியும். கச்சான் காற்று உப்பளத்துப் புழுதியை அள்ளி முகத்தில் அடிக்கிற அந்த நாட்களில் ஊர் முழுக்க வாயில் 'பனி'தான். மற்றபடி, எங்களுக்கு ஐஸ் என்றால் மீன் பெட்டியில் கொட்டுகிற ஐஸ் மட்டுமே.

இந்த வருடத் திருவிழாவுக்கு சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஒரு விருந்தாளியின் சாமான்களோடு, ஆள் உயரத்தில் ஒரு பை எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. உள்ளே ஒரு ஜோடி ஸ்கீ. பனியில் சறுக்கும் பலகை. தெருவே எட்டிப் பார்த்தது. "துடுப்பா இது? நல்லா பெயின்ட் அடிச்சிருக்காவளே!" என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி.

அந்தப் பைக்குள் எங்கள் வீட்டின் நாலு மாதச் சண்டை இருந்தது என்பது அவருக்குத் தெரியாது.

என் மகளுக்கு வயது 20. பி.காம் படிக்கிறாள். 2022 பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து கலந்துகொண்ட ஒரே வீரர் காஷ்மீரின் ஆரிஃப் கான். ஜயன்ட் ஸ்லாலம் போட்டியில் 45-வது இடம் பிடித்தார். அந்த ஓட்டத்தை செல்போனில் பார்த்த நாளிலிருந்து இவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பிறகு ஆஞ்சல் தாகூரைக் கண்டுபிடித்தாள். மணாலிப் பெண். 2018-ல் துருக்கியில் வெண்கலம் வென்றவர். சர்வதேச பனிச்சறுக்குப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. 1988 கால்கரி ஒலிம்பிக்கிலேயே ஷைலஜா குமார் என்ற இந்தியப் பெண் சறுக்கியிருக்கிறார் என்பதெல்லாம் என் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சரி, ஒரு தடவை காட்டிவிட்டு வந்தால் ஆசை அடங்கிவிடும் என்று 2024 ஜனவரியில் குடும்பத்தோடு குல்மார்க் போனோம். அந்த ஜனவரியைப் பற்றிச் செய்திகளில் படித்திருப்பீர்கள். பனியே இல்லை. பழுப்பு நிறப் புல்வெளியில் மட்டக்குதிரைகள் நின்றுகொண்டிருந்தன. நாங்கள் ஊர் திரும்பிய பிறகுதான் பனி விழ ஆரம்பித்தது. "காஷ்மீர் வரைக்கும் போயி கோரம்புல்லப் பாத்துட்டு வந்த குடும்பம்" என்று சொந்தக்காரர்கள் இன்றும் கேலி செய்கிறார்கள்.

இரண்டாவது முறை 2025 மார்ச். அந்த வருடமும் பிப்ரவரியில் பனி போதாமல் 'கேலோ இந்தியா' குளிர்கால விளையாட்டுப் போட்டிகளைத் தள்ளிவைத்து, மார்ச் 9 முதல் 12 வரை நடத்தினார்கள். அது முடிந்த பிறகு நானும் மகளும் மட்டும் போனோம். ஏழு நாள் பயிற்சி. ஸ்கீயும் சப்பாத்தும் அங்கேயே ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தோம். எடை என்ன, உயரம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. அவள் அளவில் சப்பாத்து தீர்ந்துவிட்டது, ஒரு சைஸ் பெரிதாக இருக்கிறது, இரண்டு காலுறை போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். போட்டுக்கொண்டாள்.

முதல் நாலு நாள் நன்றாகத்தான் போயிற்று. ஐந்தாம் நாள் காலை, முந்தைய பகலின் வெயிலில் உருகி இரவில் இறுகிய பனி, சிமென்ட் தரை மாதிரி கிடந்தது. அதே ஸ்கீ. நேற்று திரும்பிய இடத்தில் இன்று திரும்பவில்லை. விழுந்தாள். விழுந்தால் சப்பாத்தை விட்டுவிட வேண்டிய கட்டு, விடவில்லை. ஸ்கீ ஒரு பக்கம் போக, முழங்கால் அதோடு திருகிக்கொண்டது. ஸ்ரீநகரில் ஸ்கேன் எடுத்தோம். உள்பக்கத் தசைநார் பாதி கிழிந்திருந்தது. ஆபரேஷன் தேவையில்லை, ஆறு வாரம் பட்டை போட வேண்டும் என்றார்கள். சக்கர நாற்காலியில் விமானம் ஏறி, வீடு வந்து சேர்ந்தோம். என் மனைவி வாசலில் நின்று மகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள்தான் பேசினாள். அதை இங்கே எழுத முடியாது.

பிசியோதெரபிக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே மகள், "யப்பா, அடுத்த வருசம் போவணும்" என்றாள்.

"காலு ஒடைஞ்சது பத்தாதா?" இது அவள் அம்மா.

"காலு ஒடையல யம்மா. தசைநார்."

பத்து நாள் இருவரும் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். கடைசியில் மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். "அவ காலுல கட்டுறது என்னன்னு தெரிஞ்சி, நம்ம கையால பாத்து வாங்குனா போவட்டும். யாரோ எடுத்துக் குடுக்குறதக் கட்டிக்கிட்டுப் போவக் கூடாது." நியாயமான பேச்சு. அதற்கப்புறம் ஸ்கீ என்றால் என்ன என்று நான் படிக்க ஆரம்பித்தேன்.

பனியில் எத்தனை கடல்!

எங்கள் தாத்தா ஓடாவி. அதாவது, படகு கட்டும் தச்சர். தோணியும் வள்ளமும் செய்தவர். 1961-ல் தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தபோது, அவர் கைபட்ட வள்ளங்களும் பார்களுக்குப் போயிருக்கின்றன. மீனுக்குப் போகிற வள்ளமேதான் சங்குக்கும் முத்துக்கும் போகும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு படகு வைத்துக்கொள்ள இங்கே யாருக்கு வசதி? வாடையில் ஒரு கடல், கொண்டலில் ஒரு கடல், கச்சானில் ஒரு கடல். மூன்றுக்கும் ஒரே வள்ளம்தான் போய்வர வேண்டும்.

ஸ்கீ உலகத்திலும் இதே கதைதான். பனி என்றால் வெள்ளையாக ஒன்று என்று நினைத்திருந்தேன். குறைந்தது நாலைந்து வகை இருக்கிறது. புதிதாகப் பெய்து, காற்றாலும் வெயிலாலும் கெடாத பொடிப்பனி. இதைத்தான் 'பவுடர்' என்கிறார்கள். குல்மார்க்கின் பெயரே இதனால்தான் உலகத்துக்குத் தெரியும். இயந்திரத்தால் அழுத்தி உருட்டிய சமதளப் பனி. உருகி உறைந்த கெட்டிப்பனி. மேலே அப்பளம் மாதிரி இறுகி, கீழே பொலபொலவென்று இருக்கும் ஓட்டுப்பனி. இது கால் வாரிவிடும். மதியத்துக்கு மேல் கஞ்சி மாதிரி ஆகிவிடும் ஈரப்பனி. மார்ச் மாதம் என்றால் காலையில் கெட்டி, மதியம் கஞ்சி. ஒரே சரிவு, ஒரே நாள்.

இந்த எல்லாவற்றுக்கும் ஓரளவு பொருந்தும்படி செய்த ஸ்கீயை 'ஆல் மவுன்டன்' என்கிறார்கள். எல்லா மலைக்குமானது. பெயரில் கொஞ்சம் வியாபாரம் இருக்கிறது. எந்தப் பனியிலும் அது முதல் மார்க் வாங்காது. எதிலும் ஃபெயில் ஆகாது, அவ்வளவுதான். பவுடருக்கென்றே செய்த ஸ்கீ கெட்டிப்பனியில் தடுமாறும். பந்தயத்துக்கென்றே செய்த ஸ்கீ பவுடரில் மூழ்கும்.

மூழ்குமா என்றால், ஆமாம், மூழ்கும். ஆழமான பவுடர் ஏறத்தாழத் தண்ணீர் மாதிரிதான் நடந்துகொள்கிறது. இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் ஷேன் மெக்கான்கி. கனடாவில் பிறந்த சாகச வீரர். கடலில் சறுக்கும் 'வாட்டர் ஸ்கீ'யின் வடிவத்தைப் பார்த்து, பனி ஸ்கீயின் வளைவையே தலைகீழாக்கினார். 2002-ல் 'ஸ்பாட்டுலா' என்ற பெயரில் அது வெளிவந்தது. தோசைத் திருப்பி என்று அர்த்தம். முதலில் சிரித்தார்கள். இன்று கடைகளில் இருக்கும் பெரும்பாலான ஆல் மவுன்டன் ஸ்கீக்களின் நுனியில் அந்த யோசனை கொஞ்சமாவது இருக்கிறது. ஓடாவி பேரனாகிய எனக்கு, இந்த இடத்தில்தான் விஷயம் பிடிபட ஆரம்பித்தது.

அணியமும் அடிவளைவும்

வள்ளத்தின் முன்பக்கத்தை அணியம் என்போம். அணியம் தூக்கி இருந்தால் அலை மேல் ஏறும். குத்தி நின்றால் அலைக்குள் முங்கும். ஸ்கீயின் முன்நுனியும் அப்படித்தான். நுனிக்கு வெகுதூரம் முன்பாகவே மெல்ல மேலெழும்பத் தொடங்கினால் அதற்கு 'ராக்கர்' என்று பெயர். பவுடரில் மிதக்க இது வேண்டும்.

ஆனால் முழுக்கவே தூக்கிக்கொண்டிருந்தால், கெட்டிப்பனியில் தரையைத் தொடும் நீளம் குறைந்துவிடும். பிடிமானம் போய்விடும். அதனால் பாதத்துக்குக் கீழே எதிர்ப்பக்கமாக ஒரு வளைவு வைக்கிறார்கள். தரையில் வைத்தால் நடுவில் வில் மாதிரி லேசாகத் தூக்கி நிற்கும். ஆள் ஏறி நின்றதும் அழுந்தி, விளிம்பு முழுக்கப் பனியைக் கடிக்கும். இது 'கேம்பர்'. முன்னால் ராக்கர், நடுவில் கேம்பர், பின்னால் ஒரு சொட்டு ராக்கர். ஆல் மவுன்டன் ஸ்கீக்களில் பெரும்பாலானவற்றின் அடிவடிவம் இதுதான். இரண்டு ஸ்கீயையும் அடியோடு அடி ஒட்டிவைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். நடுவில் சந்து தெரிந்தால் கேம்பர். நுனிகள் வெகுமுன்பே பிரிந்தால் ராக்கர். எந்த நிபுணரும் தேவையில்லை.

அடுத்தது அகலம். ஸ்கீயின் மேல் மூன்று எண்கள் அச்சிட்டிருப்பார்கள். உதாரணமாக 128-90-112. முன்நுனி, இடுப்பு, வால் இவற்றின் அகலம், மில்லிமீட்டரில். பார்க்க வேண்டியது நடு எண்ணை. 80-க்குக் கீழே என்றால் உருட்டிய பனிக்கும் கெட்டிப்பனிக்கும் உரியது. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சட்டென்று மாறும். 105-க்கு மேலே என்றால் பவுடருக்கு. பலகை மாதிரி மிதக்கும், ஆனால் கெட்டிப்பனியில் அதைச் சாய்த்து விளிம்பில் நிறுத்துவதற்குள் முழங்கால் களைத்துவிடும். நடுவில் உள்ள 85 முதல் 100 வரைதான் ஆல் மவுன்டன் ராஜ்யம். அதற்குள்ளேயே 88-க்கும் 98-க்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

இந்த இடுப்பு ஏன் குறுகலாக இருக்கிறது? 19-ம் நூற்றாண்டில் நார்வேயின் டெலிமார்க் பகுதியைச் சேர்ந்த சோண்ட்ரே நூர்ஹைம் போன்றவர்கள், பலகையின் நடுவை ஒடுக்கிச் செதுக்கினால் திரும்புவது எளிது என்று கண்டார்கள். இரு பக்கமும் உள்வாங்கிய அந்த வளைவைப் பெரிய வட்டமாக நீட்டி வரைந்தால் வரும் ஆரத்தை மீட்டரில் போட்டிருப்பார்கள். 13 என்றால் சின்ன வட்டத்தில் சுருக்கென்று திரும்பும். 20 என்றால் பெரிய வளைவு, வேகம் கூட. ஆல் மவுன்டனில் 14 முதல் 18 வரை வழக்கம். 1990-கள் வரை ஸ்கீக்கள் இரண்டு மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ நேராகவே இருந்தன. ஸ்லோவேனியாவின் எலான் போன்ற நிறுவனங்கள் இடுப்பை நன்றாக ஒடுக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, கற்றுக்கொள்வதே சுலபமாகிவிட்டது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தபோது எனக்கு ஆச்சரியம். மரம்! இத்தனை விஞ்ஞானம் வந்த பிறகும் நல்ல ஸ்கீயின் நடுவில் இருப்பது மரம்தான். பாப்லர், பீச், ஆஷ், பௌலோனியா என்று கனமும் லேசுமாகப் பட்டைகளை ஒட்டி, மேலும் கீழும் கண்ணாடியிழை சுற்றி, அடியில் பாலித்தீன் தகடும் ஓரத்தில் எஃகு விளிம்பும் வைக்கிறார்கள். வேகமாகப் போகிறவர்களுக்கான ஸ்கீயில் 'டைட்டனால்' என்ற அலுமினியக் கலவைத் தகடும் சேரும். அதிர்வை அடக்கும். ஆனால், விறைப்பும் எடையும் கூடும். ஜெர்மனியின் வோல்க்ல் நிறுவனத்தில் 'மந்த்ரா' என்றே ஒரு பிரபலமான ஸ்கீ இருக்கிறது. பெயரைப் பார்த்ததும் இதைத்தான் வாங்க வேண்டும் என்று குதித்தேன். அது உலோகத் தகடு வைத்த விறைப்பான ஸ்கீ. பல வருடம் சறுக்கியவர்களுக்கானது. 54 கிலோ எடையுள்ள, ஐந்து நாள் அனுபவமுள்ள பெண் அதை வளைக்க முடியாது. அதுதான் அவளை வளைக்கும்.

"சப்பாத்தைப் பாருங்கோ, தம்பி"

என் மனைவியின் பள்ளித்தோழி சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு போனவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், நான் சேகரித்து வைத்திருந்த ராக்கர், கேம்பர், மில்லிமீட்டர் எல்லாவற்றையும் அவர் கணவரிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உதெல்லாம் பிறகு, தம்பி. முதல்ல சப்பாத்தைப் பாருங்கோ. சப்பாத்து சரியில்லையெண்டால் எந்த ஸ்கீயும் சரிவராது."

சுவிட்சர்லாந்தில் பல பள்ளிகள் குளிர்காலத்தில் ஒரு வாரம் பிள்ளைகளை ஸ்கீ முகாமுக்குக் கூட்டிப் போகும். அங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைகள் அப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள். அப்பா அம்மாக்களோ, கைகளைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு அடிவாரத்தில் நின்று பார்த்தவர்கள். "பிள்ளைகளுக்கு ஒரு நாளும் புதுசு வாங்கேல்ல. வளருற வயசு. சீசனுக்கு வாடகை. இல்லாட்டி இலையுதிர் காலத்தில போடுற பழைய சாமான் சந்தை" என்றார். பைண்டிங்கோடு ஒரு ஜோடி புதிய ஆல் மவுன்டன் ஸ்கீ ஐரோப்பாவில் 500 யூரோவிலிருந்து 1,000 யூரோ வரை போகிறது. நம் கணக்கில் அரை லட்சம், ஒரு லட்சம். பழசு என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூடக் கிடைக்கும்.

சப்பாத்து விஷயம் பிறகுதான் விளங்கியது. ஸ்கீயைத் திருப்புவது பாதம். பாதத்தின் ஆணையை ஸ்கீக்குக் கொண்டுபோவது சப்பாத்து. அது தொளதொளவென்று இருந்தால், கால் திரும்பிய பிறகும் ஸ்கீ நேராகத்தான் போகும். என் மகளுக்கு நடந்ததில் பாதி இதுதான். ஒரு சைஸ் பெரிய சப்பாத்து, இரண்டு காலுறை. நிற்கும்போது விரல் நுனி முன்சுவரை லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னால் மடக்கினால் விரல் விலக வேண்டும். குதிகால் எழும்பவே கூடாது. காலுறை ஒன்றே ஒன்று, மெல்லியதாக. இதை ஆன்லைனில் வாங்கவே முடியாது. போட்டு, பத்து நிமிடம் நின்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கட்டு அவிழ வேண்டும்

சப்பாத்தை ஸ்கீயோடு பிடித்துக்கொள்ளும் பூட்டுக்கு 'பைண்டிங்' என்று பெயர். பிடிப்பதைவிட விடுவதுதான் அதன் பெரிய வேலை. எவ்வளவு விசையில் விட வேண்டும் என்பதற்கு முன்னாலும் பின்னாலும் ஒரு சின்ன ஜன்னலில் எண் இருக்கும். அந்த எண்ணைச் சறுக்குபவரின் எடை, உயரம், வயது, சப்பாத்து அடியின் நீளம், அனுபவம் ஆகிய ஐந்தையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதற்குச் சர்வதேசத் தர அட்டவணையே இருக்கிறது. நண்பர் சொன்னார், யூடியூபில் பார்த்தேன் என்று வீட்டில் ஸ்க்ரூ டிரைவரால் திருகுகிற வேலை இல்லை இது. தெரிந்த டெக்னீஷியன், முடிந்தால் சோதனைக் கருவியோடு செய்ய வேண்டும்.

எங்களிடம் அன்று யாரும் எடை கேட்கவில்லை. எங்களுக்கு முன் அந்த ஸ்கீயை எடுத்தவர் 80 கிலோ ஆளாக இருந்திருக்கலாம். கேட்டிருக்க வேண்டியது நானும்தான். வள்ளத்தில் ஏறுவதற்கு முன் நங்கூரக் கயிறு இருக்கிறதா என்று பார்க்கும் ஊரில் பிறந்தவன், மகள் காலில் கட்டியதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பைண்டிங் எவ்வளவு சரியாக இருந்தாலும் முழங்காலுக்கு முழு உத்தரவாதம் கிடையாது. அது முக்கியமாகக் காப்பது கீழ்க்கால் எலும்பைத்தான். முழங்கால் திருகல் சில கோணங்களில் பைண்டிங்குக்கே தெரியாமல் நடந்துவிடும். இதை என் மனைவியிடம் மறைக்கவில்லை. சொன்ன அன்று இரவு சாப்பாட்டில் ரசம் மட்டும்தான்.

வாங்கியது என்ன?

அவள் உயரம் 162 செ.மீ. ஸ்கீயின் நீளம் பொதுவாகத் தாடைக்கும் உச்சந்தலைக்கும் நடுவே இருக்க வேண்டும். புதியவர்களுக்குத் தாடை பக்கம், வேகக்காரர்களுக்கு உச்சி பக்கம். ராக்கர் உள்ள ஸ்கீ, தரையைத் தொடும் நீளம் குறைவு என்பதால் கொஞ்சம் நீளமாகவே எடுக்கலாம். நாங்கள் 158 எடுத்தோம். நெற்றி உயரம். இடுப்பு 90. ஆரம் 14 மீட்டர். பாப்லர் மரம், உலோகத் தகடு இல்லை. முன்னால் நல்ல ராக்கர், நடுவில் கேம்பர்.

மகள் 104 இடுப்புள்ள ஒரு ஸ்கீக்காக ஒரு வாரம் மன்றாடினாள். குல்மார்க் என்றால் பவுடர்தானே என்பது அவள் கட்சி. நான் திருப்பிக் கேட்டேன்: "நீ இப்ப எங்க சறுக்கப் போற?" குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கேபிள் கார் இரண்டு கட்டமாக மேலே போகிறது. கொங்டூரி வரையிலான முதல் கட்டம் 1998-ல் வந்தது. அங்கிருந்து அபர்வத் மலையின் தோள் வரை, கிட்டத்தட்ட 4,000 மீட்டருக்குப் போகும் இரண்டாம் கட்டம் 2005-ல் வந்தது. உலகப்புகழ் பெற்ற பவுடர் எல்லாம் அந்த உச்சியில்தான். அது உருட்டிய சரிவு அல்ல, திறந்த மலை. 2023 பிப்ரவரியில் அங்கே பனிச்சரிவில் போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் ஒரு ரஷ்யர். ரோந்துப் படையின் அறிவிப்பைப் பார்த்து, உள்ளூர் வழிகாட்டியோடு, பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் சிக்னல் கருவியும் மண்வெட்டியும் துழாவுகோலும் எடுத்துக்கொண்டு, அவற்றைப் பயன்படுத்தவும் தெரிந்து போக வேண்டிய இடம். எந்த அகலமான ஸ்கீயும் பனிச்சரிவிலிருந்து காப்பாற்றாது.

இவள் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கீழ்ச்சரிவிலும் கொங்டூரியிலும்தான் சறுக்கப் போகிறாள். அங்கே காலையில் கெட்டிப்பனி, மதியம் கஞ்சி, நாலு நாளைக்கு ஒரு முறை அதிர்ஷ்டம் இருந்தால் முழங்கால் வரை புதுப்பனி. அதற்கு 90 போதும். ஒளலிக்குப் போனாலும் இதே கணக்குதான். உத்தராகண்டில் இருக்கும் அந்தச் சரிவில்தான் 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்தன. கார்வால் மண்டல் விகாஸ் நிகம் அங்கே 7 நாள், 14 நாள் பயிற்சிகள் நடத்துகிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் டூர் போய், போட்டோவுக்கு ஸ்கீ கட்டுகிற குடும்பத்துக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. வாடகை போதும். ஆனால் வாடகைக் கடையில் மூன்று விஷயம் மட்டும் செய்யுங்கள். எடையை உண்மையாகச் சொல்லி, பைண்டிங் எண்ணை அதற்கேற்ப மாற்றச் சொல்லுங்கள். உங்கள் கண்முன் மாற்ற வேண்டும். எஃகு விளிம்பின் குறுக்கே விரல் நகத்தை இழுத்துப் பாருங்கள். நகம் மெல்லிய தூளாகச் சுரண்டினால் கூர் இருக்கிறது, வழுக்கினால் மொக்கை. சப்பாத்து அளவு இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

எங்கள் ஸ்கீ, பெர்ன் சந்தையில் வாங்கிய பழசு. அதன் பைண்டிங் தண்டவாளம் மாதிரி முன்னும் பின்னும் நகரும் வகை. எந்த நீளச் சப்பாத்துக்கும் பொருத்திக்கொள்ளலாம். இதை முன்கூட்டியே கேட்டு வாங்கினோம், ஏனென்றால் சப்பாத்தை இனிமேல்தான் வாங்க வேண்டும். ஜனவரியில் இரண்டு நாள் முன்னதாகவே போய், போட்டுப் பார்த்து வாங்கி, அதே இடத்தில் பைண்டிங்கையும் அவள் எடைக்குச் சரிசெய்துகொள்வதாகத் திட்டம். இப்போதைய சப்பாத்து அடிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை உண்டு. நடக்க வசதியாக வளைந்த ரப்பர் அடி ஒன்று, பழைய தட்டை அடி ஒன்று. எல்லா பைண்டிங்கும் இரண்டையும் ஏற்காது. பைண்டிங்கின் பெயரையும் மாடலையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

யாரும் எதிர்பார்க்காத எதிரி ஒன்று இருந்தது. உப்புக்காற்று. வந்த மூன்றாம் வாரமே எஃகு விளிம்பில் செம்புள்ளிகள். ஆல்ப்ஸ் மலைக்காகச் செய்த சாமான் முத்துநகர்க் காற்றைத் தாங்குமா? லேசான துருவை அதற்கென்றிருக்கும் ரப்பர் கட்டியால் தேய்த்தால் போய்விடும். பிறகு அடிப்பாகம் முழுக்க, விளிம்பையும் மூடி, மெழுகைத் தடிமனாக உருக்கிப் பூசிச் சுரண்டாமல் அப்படியே விட்டுவிட வேண்டும். சீசன் தொடங்கும்போதுதான் சுரண்ட வேண்டும். தாத்தாவின் இஸ்திரிப்பெட்டி பரணில் கிடந்தது. கரி போடுகிற ரகம். சூடு கட்டுக்குள் நிற்காமல் அடித்தகடு உருகிவிடும் என்று பயந்து, பழைய மின்சார இஸ்திரிப்பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் வைத்துச் செய்தோம். வள்ளத்துக்குக் கலப்பத்து பார்க்கிற மாதிரி, தரையில் உட்கார்ந்து அங்குலம் அங்குலமாக. மகள் ஒரு ஸ்கீ, நான் ஒரு ஸ்கீ.

மனைவி வந்து நின்று பார்த்தாள். "இந்த ஓரத்துல விட்டுட்டியே" என்று என் கையிலிருந்து பெட்டியை வாங்கினாள். இரண்டு ஸ்கீயையும் அவளே முடித்தாள். பிறகு பையில் போட்டு, ஜிப்பை இழுத்துவிட்டு நிமிர்ந்து கேட்டாள்:

"இத முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல எங்க வைப்பிய? கீழ் பெர்த்துக்கு அடியில போவுமா?"

டேப் எடுத்து வந்தேன். பையோடு 170 செ.மீ. இந்த வாரம் ஸ்டேஷன் பக்கம் போகும்போது பெர்த்தின் அடியையும் அளந்துவிட்டு வர வேண்டும்.